சுரங்கத்திற்கு இரண்டாம் வாயில்

வியாசர்பாடி மக்கள் நிலக்கரியை அறியாதவர் அல்லர். பேசின் பாலத்தருகே நின்ற பழைய மின்நிலையம் நிலக்கரியை எரித்தே நகருக்கு ஒளி தந்தது. சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்கும் பணி 2011-இல் உயர்நீதிமன்ற ஆணையால் நின்று, எண்ணூருக்குச் சென்றது. இன்றும் நம் அங்கத்தினரின் விசைத்தறியையும் வயலின் பம்பு செட்டையும் ஓட்டும் மின்சாரத்தில் பெரும்பகுதி கரியிலிருந்தே பிறக்கிறது. ஆகவே கரி வெட்டி மாண்டவர்களின் கதை நமக்கு அயலார் கதையன்று.

விக்டோரியா மகாராணியார் ஆட்சியில், 1862 ஜனவரி 16-ஆம் நாள், வட இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீர் இறைக்கும் எந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் நடுவே முறிந்தது. அதன் ஒரு பாதி குழிக்குள் வீழ்ந்து வழியை அடைத்தது. உள்ளே இறங்கவும், கரியை ஏற்றவும், காற்று வரவும் அந்த ஒரே குழிதான். கீழே இருந்தவர்கள் நீருக்கு அஞ்சி மேலடுக்குக்கு ஏறிக் காத்திருந்தனர். ஆறு நாள் கழித்து மீட்போர் சென்றடைந்தபோது நச்சுக்காற்றால் அனைவரும் மடிந்திருந்தனர். மாண்டவர் மொத்தம் 204 பேர். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

இரண்டாம் வாயில் வேண்டும் என்று அதற்கு முன்பே சொன்னவர்கள் இருந்தனர். தோண்டும் செலவு அதிகம் என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. 204 பிணங்கள் கிடத்தப்பட்ட பின்னர், அதே ஆண்டில், சுரங்கம்தோறும் இரு வழிகள் வேண்டுமெனச் சட்டம் வந்தது. கணக்குப் பார்க்கும் முதலாளிகளை நாம் குறை கூறுவது எளிது. ஆனால் சட்டம் எழுதியோரும் அதுகாறும் அந்தக் கணக்கையே ஏற்றிருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சட்டத்தோடு துயரம் முடிந்துவிடவும் இல்லை. 1866 டிசம்பரில் ஓக்ஸ் சுரங்கம் வெடித்து 350 பேருக்கு மேல் இறந்தனர். மறுநாள் மீட்கச் சென்றவர்களும் இரண்டாம் வெடிப்பில் சிக்கினர். நம் நாட்டிலோ 1965-இல் தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் மாண்டனர். 1975 டிசம்பர் 27-இல் தன்பாத் அருகே சாஸ்நாலாவில், கைவிடப்பட்ட பழைய வெட்டுக்களில் தேங்கிக் கிடந்த வெள்ளம் உடைத்துப் பாய்ந்து 370 பேருக்கு மேல் மூழ்கினர். மேகாலயத்தில் எலிவளைச் சுரங்கங்களைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை செய்தது. 2018 டிசம்பரில் அத்தகைய சுரங்கம் ஒன்றில்தான் 15 தொழிலாளர் வெள்ளத்தில் அகப்பட்டனர். தடை ஏட்டில் இருந்தது. வறுமை அவர்களைக் குழியில் இறக்கியது.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. நம் சங்கங்களின் நூல் கிடங்குகள் பலவற்றில் வாயில் ஒன்றே. பஞ்சும் சாயப் பொருள்களும் குவிந்த அறையில், அந்த ஒரே வாயிலையும் மூட்டைகளால் மறைத்து வைக்கிறோம். மறு வாயில் திறக்கலாமே என்றால், இவ்வாண்டு நிதி இல்லை என்கிறோம். ஹார்ட்லியில் சொன்ன அதே விடைதான். வரும் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவினர் வரவுசெலவைப் படிக்கும்போது, கிடங்கின் மறு வாயிலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று அங்கத்தினர்கள் எழுந்து கேட்க வேண்டுகிறோம். மூட்டைகளை அகற்ற மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.