நெட் வரலைன்னா லேப்டாப்பையே தூக்கிப் போடணுமா?

2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது எங்கள் வீட்டில் இன்னும் உழைக்கிறது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு 2020 ஜனவரியில் நின்றதால் 10-க்கு மாற்றினோம். உடனே வைஃபை போச்சு! கடைக்காரரோ, "பழசும்மா, புதுசு வாங்கிடுங்க" என்றார். இது என்ன நியாயம்? கருவி கெடவில்லை. அதை இயக்கும் 'டிரைவர்' என்ற சின்ன மென்பொருள்தான் இல்லை. நெட் இல்லாமல் அதை எப்படி இறக்குவதாம்? ஆண்ட்ராய்டு செல்போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்து 'டெதரிங்' போட்டாள் மகள். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைத் தேடி, 7-க்கான பழைய டிரைவரைப் போட்டதும் 10-லும் ஓடியது. செலவு? காலணா இல்லை. இந்த வழியைச் சொல்லாமல் புதுசை விற்கப் பார்ப்பது நம் குடும்ப பட்ஜெட்டில் கை வைப்பதல்லவா, சகோதரிகளே? (அந்த 10-க்கும் 2025 அக்டோபரில் இலவசப் பாதுகாப்பை நிறுத்திவிட்டார்கள். அது தனி வயிற்றெரிச்சல்!)

- ஒரு வாசகி, ஆவடி