சிரட்டையைக் கவிழ்த்தால் மட்டும் போதுமா?

மாரி தொடங்கினால் நுளம்பு என்றதும் எங்களுக்கு டெங்குதான் நினைவுக்கு வரும். சிரட்டையையும் பழைய ரயரையும் அகற்றுகிறோம். அது அவசியமே. ஆனால் மூளையைத் தாக்கும் வைரசைக் காவும் இன்னொரு நுளம்பு வயல் நீரில் பெருகுகிறது.

யப்பானிய மூளைக்காய்ச்சலைச் சொல்கிறேன். பன்றிகளிலும் நீர்ப்பறவைகளிலும் உள்ள இந்த வைரசைக் கியூலெக்ஸ் நுளம்புகள் மனிதருக்குக் கடத்துகின்றன. தொற்றியோரில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இராது. சிலருக்கு மூளையுறையில் அழற்சி வரும். சிலருக்கு மூளையிலேயே வரும். மூளை பாதிக்கப்பட்டோரில் 30 வீதம் வரை இறக்கலாம். தப்பியவர்களிலும் பலருக்கு வலிப்பு, வாதம், பேச்சிழப்பு மிஞ்சும். வைரசை அழிக்கும் மருந்து இல்லை.

1985-86 இல் வடமத்திய மாகாணத்தில் இது பெருமளவில் பரவியது. 1988 இல் ஆபத்து அதிகமான பகுதிகளில் தடுப்பூசி தொடங்கியது. நாடு முழுவதற்கும் விரிந்தது 2011 இல்தான். அதற்கு முன்பே போருக்குள் வளர்ந்துவிட்டவர்கள் நாங்கள். என் தடுப்பூசி அட்டை இடப்பெயர்வில் தொலைந்தது. எந்த ஊசி போட்டது, எது விடுபட்டது என்று அம்மாவுக்கும் நினைவில்லை. மீள்குடியேறி வயலோரம் வாழும் இப்படியானவர்களைக் கணக்கெடுப்பது சுகாதாரத் துறையின் கடமை.

இன்று ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கு அரச கிளினிக்கில் இந்த ஊசி இலவசம். வயலைக் கவிழ்க்க முடியாது. ஊசியைத் தவறவிடாமல் இருக்கலாம். காய்ச்சலோடு கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம் கண்டால் பனடோலோடு காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.