முதுகுவலின்னா உடனே எம்.ஆர்.ஐ.யா? ‘மூவ்மென்ட் அசெஸ்மென்ட்’ எதைக் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது?

2025 செப்டம்பர் 9 அன்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் ஒரு கடிதம் அனுப்பியது. பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்றது அந்தக் கடிதம். எதிர்ப்பு கிளம்ப, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. ‘டாக்டர்னு போடலாமா, கூடாதா’ என்று சோஷியல் மீடியாவில் நடந்த சண்டையில் ஒரு கேள்வி மட்டும் காணாமல் போனது. வலியோடு போகிறவருக்கு அந்த அறைக்குள் என்ன பரிசோதனை நடக்கிறது?

இந்தக் கேள்விக்குள் காசும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது. முதுகு பிடித்துக்கொண்டால் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது, ‘ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்’. ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வந்துவிட்டால் பைக் ஓட்டவே பயம். ஆனால் முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 30 வயதுக்காரர்களில் 52% பேருக்கு டிஸ்க் தேய்மானம், 40% பேருக்கு டிஸ்க் பல்ஜ். யாருக்கும் வலி இல்லை! ஸ்கேனில் தெரிகிற மாற்றம்தான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழ்முதுகு வலியில் சுமார் 90% ‘குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாத’ வகை.

படத்துக்குப் பதில் அசைவு

ஸ்கேன் என்பது படுத்த நிலையில் எடுக்கிற படம். வலியோ குனியும்போது, படி ஏறும்போது, நாலு மணி நேரம் லேப்டாப் முன் உட்கார்ந்து எழும்போது வருகிறது. அதனால் அந்த அசைவையே செய்ய வைத்துப் பார்ப்பதுதான் மூவ்மென்ட் அசெஸ்மென்ட்.

ஓர் உதாரணம். நின்றபடி குனிந்து கால் விரலைத் தொடச் சொல்கிறார்கள். கை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறது. ‘தொடை பின்னால தசை டைட்டா இருக்கு’ என்று ஜிம்மில் உடனே சொல்லிவிடுவார்கள். நல்ல பிசியோதெரபிஸ்ட் அங்கே நிறுத்த மாட்டார். காலை நீட்டி உட்கார வைத்து அதே விரலைத் தொடச் சொல்வார். இப்போது தொட முடிந்தால்? தசையின் நீளம் போதுமானதாகத்தான் இருக்கிறது. நின்றுகொண்டு உடல் எடையைத் தாங்கிக் குனியும்போது மட்டும் உடம்பு பிரேக் போடுகிறது. அது கட்டுப்பாட்டுக் குறையாக இருக்கலாம், ஏற்கெனவே பிடித்துக்கொண்ட அனுபவத்தால் வந்த பயமாகவும் இருக்கலாம்.

உட்கார்ந்தும் முடியவில்லை என்றால், மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்காமல் தூக்கச் சொல்வார். பிறகு அதே காலை அவரே தூக்கிப் பார்ப்பார். அவர் தூக்கும்போது நன்றாக மேலே போனால், இறுக்கத்தைவிட பலத்தையும் கட்டுப்பாட்டையும் சந்தேகிக்கணும். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நிஜமாகவே இறுக்கம். 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வது போல வலி இறங்கினால் கதையே வேறு. நரம்பு வேர் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ‘குனிய முடியல’ என்ற புகாருக்கு இத்தனை வழிகள். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு. எல்லோருக்கும் ஒரே ஸ்ட்ரெச்சிங் வீடியோ அனுப்புவது ஏன் வேலைக்கு ஆகாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

முழங்கால் வலியிலும் இப்படித்தான். உட்கார்ந்து எழும்போது வலிக்கிறது என்றால் குதிகாலுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டையை வைத்து மறுபடி செய்யச் சொல்வார்கள். வலி குறைந்தால் கணுக்கால் போதுமான அளவு மடங்குகிறதா என்று அடுத்து தேடுவார்கள்.

‘கூன் போடாதே’ சரியா?

இங்கேதான் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. தலையை 60 டிகிரி குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ சுமை என்ற படம் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அது 2014-ல் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. கழுத்துவலி உள்ளவர்களை அளந்து சொன்னது அல்ல. பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரிடம் நடந்த ஆய்வில், போன் பார்க்கும் கழுத்து நிலைக்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஒரே நிலையில் அசையாமல் மணிக்கணக்கில் இருப்பது உடம்புக்கு ஆகாது என்பது வேறு விஷயம். ஆனால் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து, கோடு போட்டு, ‘உங்க போஸ்ச்சர் தப்பு, 10 சிட்டிங் பேக்கேஜ் எடுங்க’ என்றால் கையை பாக்கெட்டிலேயே வைத்திருங்கள்.

மதிப்பெண் போடுகிற டெஸ்ட்களும் இருக்கின்றன. ‘ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்கிரீன்’ என்பதில் 7 அசைவுகள், மொத்தம் 21 மார்க். 14 அல்லது அதற்குக் கீழே எடுத்தால் காயம் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2007-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் இருந்தது 46 அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் மட்டுமே. பிறகு வந்த தொகுப்பாய்வுகளில் பல, அந்த மார்க்கை வைத்துக் காயத்தைக் கணிக்க முடியாது என்றே சொல்கின்றன. வலி இல்லாதவருக்கு ‘உங்களுக்கு வலி வரப்போகுது’ என்று ஜோசியம் சொல்ல இந்த டெஸ்ட் உதவாது. வலி இருப்பவரிடம் எந்த அசைவில் வருகிறது, எதை மாற்றினால் குறைகிறது என்று தேடுவதுதான் அசெஸ்மென்டின் நிஜமான பயன்.

அசெஸ்மென்டே இல்லாமல் பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் எழுதித் தருவது இன்னும் சகஜம். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இந்த இரண்டையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியவைப்பதையும் அது பரிந்துரைக்கிறது.

முதல் நாளில் கவனிக்க வேண்டியது இதுதான்: அசைவைப் பார்க்கும் முன் உங்களிடம் கேள்வி கேட்கிறார்களா? சிறுநீர் கழிப்பதில் திடீர்ச் சிக்கல், தொடை இடுக்கில் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த அடி, முன்பு வந்த புற்றுநோய். இவற்றில் ஏதாவது இருந்தால் குனிய வைத்து, நிமிர வைத்து நேரம் கடத்தக் கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அங்கே ஸ்கேன் அவசியம். குறிப்பாகச் சிறுநீர்ச் சிக்கலும் மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே, அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகணும்.