அந்த மரத்தை மட்டும் சொல்ல மாட்டேன்

ஆந்தையைத் தேட ஏற்ற நேரம் பகல். இரவில் அது இரை தேடி அலையும். எங்கே போகிறது, எதில் உட்காருகிறது என்று நம் கண்ணுக்குப் பிடிபடாது. பகலிலோ ஒரே இடத்தில் மணிக்கணக்காக அசையாமல் இருக்கும். பெரும்பாலும் நேற்று இருந்த அதே பொந்து, அதே கிளை, அதே பாறை இடுக்கு. அந்த இடத்தைக் கண்டுகொண்டால் போதும், அடுத்த மாதமும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

திருப்பதிக்குக் குடும்பத்தோடு வரும் தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர், தரிசனம் முடிந்த கையோடு போன் செய்து, “இங்க ஆந்தை எங்கங்க பார்க்கலாம்?” என்று கேட்பதுண்டு. எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

முதலில் பார்க்கக் கிடைப்பது புள்ளி ஆந்தை. சுமார் 20 செ.மீ. உயரம், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண். காட்டுக்குப் போகவே வேண்டாம். ஊருக்குள் வயதான புளியமரம், அரசமரம், பாழடைந்த கட்டடத்துச் சுவர் ஓட்டை, எங்கேயும் குடியிருக்கும். பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் மின்கம்பியில் வந்து உட்கார்ந்து நம்மைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும். நம் பக்கத்தில் சாக்குருவி என்று பலர் பயப்படுவது இந்தச் சின்னப் பறவையைத்தான். அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிந்து விரட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு வாசல் விளக்கைச் சுற்றும் வண்டையும் பூச்சியையும் பிடிக்க வந்த பறவை அது. அதற்கும் அந்த வீட்டுச் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். ஆந்தை தொடர்ந்து தங்கும் இடத்துக்குக் கீழே அடிமரத்திலும் இலைகளிலும் சுண்ணாம்பு கொட்டினதுபோல் எச்சம் வழிந்திருக்கும். கூடவே உருண்டைகளும் கிடக்கும். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆந்தை சின்ன இரையை அப்படியே விழுங்கிவிடும். எலும்பும் மயிரும் செரிக்காது. அவற்றை வயிறு அழுத்தி உருட்டி வைக்க, சில மணி நேரம் கழித்து வாய் வழியாகக் கக்கிவிடும். கூகை என்ற ஆந்தையின் உருண்டை கட்டைவிரல் பருமன் இருக்கும். புதிதாக இருந்தால் கறுத்துப் பளபளக்கும்.

அப்படி ஒன்றைக் கையுறை போட்டு எடுத்து வந்து, தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் மயிர் பிரிந்து வரும். பிறகு ஒரு சுண்டெலியின் மண்டையோடு, பல்லோடு முழுசாக. எலியின் முன்பல் மஞ்சளாக இருக்கும்; மூஞ்சூறின் பல் வெள்ளை. புள்ளி ஆந்தையின் உருண்டை இன்னும் சிறியது. அதில் வண்டின் இறக்கை ஓடும் வெட்டுக்கிளியின் காலும்தான் அதிகம். முந்தின ராத்திரி அந்த வயலில் நடந்தது என்ன என்று அந்த உருண்டையே சொல்லிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியலை இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பொருளை நான் பார்த்ததில்லை.

இன்னொரு துப்பு, சத்தம். பகல் பத்து மணிக்கு ஒரு மரத்தில் கரிச்சான், சின்னான், தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, அணில் எல்லாம் ஒன்று கூடி ஒரே இடத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டால் அங்கே பாம்பு இருக்கும், இல்லை ஆந்தை இருக்கும். அவை பார்க்கும் திசையில் பாருங்கள். அடிமரத்தோடு ஒட்டி, கண்ணை இடுக்கி, காதுக் குஞ்சத்தை நிமிர்த்திக்கொண்டு ஒரு சின்ன ஆந்தை நின்றிருக்கலாம். பட்டையின் நிறமும் அதன் நிறமும் ஒன்றேதான். பத்தடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தும் “எங்கே, எங்கே?” என்று கேட்டவர்கள் உண்டு.

சித்தூர் பக்கம் என்றால் என் மனசு போவது மாந்தோப்புக்குத்தான். தோத்தாபுரி பழக்கூழ் தொழிற்சாலைகளால் பேர் வாங்கிய ஊர். அந்தத் தோப்புகளின் ஓரத்தில், ஒட்டு மாங்கன்றுகள் வருவதற்கு முன்னால் வைத்த நாட்டு மாமரங்களும் புளியமரங்களும் இன்னும் நிற்கின்றன. பொரிப்புள்ளி ஆந்தைக்கு இவைதான் வீடு. ஒன்றரை அடி உயரம், கொம்பு கிடையாது, கண் கருத்த பழுப்பு. இருட்டும் நேரத்தில் நடுங்கி இழுத்துக் கூப்பிடும் அதன் குரலைக் கேட்டால் பழகாதவர்களுக்கு ரத்தம் உறையும். பகலில் அடர்ந்த இலைக்குள் உட்கார்ந்திருக்கும். நாம் கீழே நடக்கும்போது சத்தமே இல்லாமல் பறந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். இறகின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருப்பதால் காற்று அதில் மோதி ஒலி எழுப்புவதில்லை.

ஒரு தோப்புக்காரப் பெரியவரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. “அந்தாண்ட மரத்துல ஒரு ஜோடி கீது சார். எங்கப்பா காலத்துலேர்ந்து கீது. நெலக்கடலை போட்டா எலி வெக்காது அதுங்க” என்றார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் மனிதர். பேரன்கள் “குட்லகூபா” (தெலுங்கில் ஆந்தை) என்று கத்திக்கொண்டு ஓடினால் அதட்டி நிறுத்திவிடுவாராம்.

மலைப்பக்கம் வேறு உலகம். கொம்பன் ஆந்தைக்கு மரம் தேவையில்லை; பாறை வேண்டும். சந்திரகிரிக்குப் பின்னால் இருப்பது போன்ற பாறைக் குன்று, மழைநீர் அரித்த ஓடைக்கரை, வேலை நின்றுபோன கல்குவாரி, இப்படிப்பட்ட இடம். கூடு கட்டாது. பாறை விளிம்பில் வெறும் மண்ணிலேயே முட்டையிடும். வருஷா வருஷம் அதே விளிம்புக்கு வரும். இரண்டு அடி தள்ளி நின்றாலும் பாறையோடு பாறையாகத் தெரியும், அந்த ஆரஞ்சுக் கண் திறக்கும்வரை. பொழுது சாய்ந்ததும் உச்சிப் பாறையில் ஏறி இரண்டு அசையில் ஆழ்ந்து முழங்கும். அப்போது தொண்டையின் வெள்ளைத் திட்டு விரிந்து சுருங்குவதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். குன்றடியில் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாலே போதும், மேலே ஏற வேண்டாம். பாண்டிச்சேரியைச் சுற்றி ஆய்வாளர் எரிக் ராமானுஜம் இந்த ஆந்தைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வயல்வெளி எலிகளே அவற்றின் முக்கிய இரை என்பது அந்த உருண்டைகளிலிருந்து தெரிந்தது.

தலக்கோனா போன்ற மரம் அடர்ந்த ஓடைப் பகுதி பூமன் ஆந்தைக்கு ஏற்றது. மீனும் நண்டும் பிடிப்பதால் அதன் காலில் இறகு கிடையாது. இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1989இல் தேசியப் பூங்காவாகவும் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட சேஷாசலம் காட்டுக்குள் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போகாதீர்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்தாள். செம்மரக் கடத்தலைத் தடுக்கும் காவலும் அங்கே கடுமையானது. 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே எந்தப் பறவையும் வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் எந்தத் தோப்பு, எந்த மரம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2010இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் இருக்கும் 30 வகை ஆந்தைகளில் 15 வகை கள்ளச் சந்தையில் விற்கப்படுவதாகப் பதிவானது. மாந்திரீகத்துக்கும் பலிக்கும் அவற்றைப் பிடிக்கிறார்கள். தீபாவளி நெருங்கும்போது இந்தத் தொல்லை கூடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆனால் ஒரே இடத்தில் நாள்தோறும் உட்காரும் பறவையைப் பிடிக்க முகவரி மட்டும் இருந்தால் போதும். அந்த முகவரியை நாமே போனில் படத்தோடு, இடக்குறியோடு எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். படம் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பதும் வேண்டாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆந்தை கண்ணை அகலத் திறந்து உடம்பை ஒடுக்கி நிமிர்ந்தால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள்.

கள்ளச் சந்தையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது பொந்துகள். ஒரு புளியமரத்தில் ஆந்தை புகும் அளவுக்குப் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது அந்த மரங்கள்தான். பதிலுக்குப் பத்துக் கன்று நடுகிறார்கள், சரி. அந்தப் பத்திலும் பொந்து விழ நம் பேரப்பிள்ளைகள் கிழவர்களாக வேண்டும். வெட்டியே ஆக வேண்டும் என்றால், பெரும்பாலான ஆந்தைகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையாவது பொந்துள்ள மரத்தை விட்டுவைக்கலாம். எலிக்கு விஷம் வைப்பதையும் குறைக்க வேண்டும்; விஷம் தின்ற எலியைத் தின்கிற ஆந்தையும் சாகும். காவிரி டெல்டாவில் வயலுக்கு நடுவே பறவை தாங்கி என்று ஆங்கில எழுத்து ‘டி’ வடிவில் குச்சி நடுகிறார்கள். ஆந்தை அதில் உட்கார்ந்து இரவு முழுக்க எலி பிடிக்கும். நிலக்கடலைக்கும் அது பொருந்தும்.

மார்ச், ஏப்ரலில் மரத்தடியில் பஞ்சு போல் இறகு மூடிய குஞ்சு கிடப்பதைப் பார்த்தால், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலும் ரொட்டியும் கொடுக்காதீர்கள். சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே அவை பொந்தை விட்டு வெளியே வந்துவிடும். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் மெதுவாக எடுத்து வைத்துவிட்டு விலகுங்கள். இருட்டியதும் அவை வந்து ஊட்டும். காயம் பட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.