நடுவர் யாருடைய ஆள்?

நாய்க் கண்காட்சி என்றால் விளையாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள், பரிசு பெற்ற நாயின் குட்டியை விலை கேட்டுப் பார்க்கலாம்.

கொல்கத்தாவின் நாய்ப் பிரியர்கள் குளிர்காலத்துக்காகக் காத்திருப்பவர்கள். வெயில் உறைக்காத அந்தச் சில வாரங்களில்தான் அடர்ந்த ரோமம் கொண்ட வெளிநாட்டு நாய்களை மைதானத்துக்கு அழைத்து வந்து நாள் முழுவதும் நிறுத்தி வைக்க முடியும். சீப்பும் பவுடருமாகக் காலையிலேயே வேலை தொடங்கிவிடும். வளையத்துக்குள் நாய்கள் ஓட, நடுவில் ஒருவர் நிற்பார். பல்லைப் பார்ப்பார். தோள்பட்டையைத் தடவுவார். ஓடவிட்டு நடையைக் கவனிப்பார். பிறகு ஒரு நாயைச் சுட்டிக்காட்டுவார். அவ்வளவுதான். ஸ்டாப்வாட்ச் கிடையாது, கோல் கம்பம் கிடையாது, ரீப்ளே கிடையாது. விரல் நீண்ட திசையே தீர்ப்பு.

அந்த விரலுக்கு விலை உண்டு. வடக்குக் கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் குட்டி வாங்குபவர் கண்ணை நம்பி வாங்குகிறார். சான்றிதழோடு வாங்குபவர் காகிதத்தை நம்புகிறார். தாயும் தகப்பனும் சாம்பியன் என்று அதில் எழுதியிருந்தால் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. அந்தப் பட்டம் எங்கோ ஒரு வளையத்தில் ஒரு நடுவர் தந்தது. அவரே அந்தக் குட்டியின் தாத்தாவை விற்றவராக இருந்தால்?

ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரல் 12 அன்று ஈடன் கார்டனில் கொல்கத்தா நைட் ரைடர்ஸும் டெல்லி கேபிட்டல்ஸும் மோதின. டெல்லி அணியினரோடு உட்கார்ந்திருந்தவர் சௌரவ் கங்குலி. அணியின் ஆலோசகர். அதே சமயம் அந்த மைதானத்தை நிர்வகிக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்தின் தலைவரும் அவர்தான். போதாக்குறைக்கு, கிரிக்கெட் வாரியத்தின் ஆலோசனைக் குழுவிலும் உறுப்பினர். கொல்கத்தா ரசிகர்கள் மூன்று பேர் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் நீதிபதி டி.கே. ஜெயினுக்குப் புகார் எழுதினார்கள். கங்குலி தவறு செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. தவறு செய்யக்கூடிய இடத்தில் இருக்கிறார் என்பதுதான் புகார். இரட்டை ஆதாயம் இருக்கிறது, ஒருவருக்கு ஒரு பதவிதான் என்று ஜெயின் தீர்ப்பளித்தார். சந்தேகத்தின் பலனைக் கங்குலிக்குக் கொடுத்து, எந்தப் பொறுப்பு வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை, நீதிபதி லோதா கமிட்டி கிரிக்கெட்டுக்கு வகுத்துத் தந்த விதிகள். இரட்டை ஆதாயத்தை அவை இரண்டாகப் பிரிக்கின்றன. வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அந்த விஷயத்தில் முடிவெடுக்காமல் விலகி நின்றால் சரியாகிவிடுவது ஒரு வகை. என்ன சொன்னாலும் சரியாகாது, ஒரு பதவியை விட்டே ஆகவேண்டும் என்பது இன்னொரு வகை. எளிய பாகுபாடு. ஆனால் இதைப் புரிந்துகொள்ள இந்தியக் கிரிக்கெட்டுக்கு ஒரு சூதாட்ட விவகாரமும் உச்ச நீதிமன்றத்தின் 2015 ஜனவரி தீர்ப்பும் தேவைப்பட்டன. நிர்வாகியே அணி உரிமையாளராகவும் இருக்கலாம் என்று 2008ல் வாரியம் தனக்கு வசதியாகத் திருத்திக்கொண்ட விதியை அந்தத் தீர்ப்புதான் ரத்து செய்தது.

நாய் உலகம் இதில் கிரிக்கெட்டைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. 1911ல் தொடங்கிய, பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய் கூட்டமைப்பின் நடுவர் விதிகளைப் படித்தால், மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்கள் எழுதியது என்பது புரியும். தான் நடுவராக இருக்கும் கண்காட்சியில் நடுவர் தன் நாயைப் போட்டிக்கு விடக் கூடாது. அவர் குடும்பத்தினர் கலந்துகொள்ளலாம், ஆனால் அன்று அவர் தீர்ப்புச் சொல்லும் இனத்தில் அல்ல. கடந்த 6 மாதத்துக்குள் அவர் வைத்திருந்த, பழக்கிய அல்லது விற்ற நாய் அவர் முன் வரக் கூடாது. தன் முன் நாயைக் காட்டப் போகிறவரோடு ஒரே வண்டியில் பயணம் செய்யக் கூடாது. தீர்ப்பு முடியும்வரை அவர்கள் வீட்டில் தங்கவோ அவர்களோடு கூடிக் குலாவவோ கூடாது. எந்த நாய் யாருடையது என்று பட்டியலிட்டிருக்கும் கேட்லாக்கைத் தீர்ப்புக்கு முன் புரட்டக் கூடாது. வளையத்துக்குள் செல்போனில் பேசக் கூடாது.

ஒரே வண்டியில் வந்தால் நடுவர் விலை போய்விடுவார் என்பதல்ல இதன் பொருள். தோற்றவர் அப்படி நினைக்க இடம் தரக் கூடாது என்பதுதான். பிரிட்டனில் ஒரு நாய் கண்காட்சிச் சாம்பியனாக வேண்டுமானால் 3 சான்றிதழ் வாங்க வேண்டும், 3 வெவ்வேறு நடுவர்களிடம். ஒருவருடைய பிரியம் மட்டும் பட்டமாகிவிடாதபடி போட்ட பூட்டு அது. விதிகள் நடுவரை மட்டும் கட்டுவதோடும் நிற்பதில்லை. நடுவரோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் தன் நாயை அவர் முன் கொண்டு வராமலிருப்பது அவருடைய கடமையும்கூட என்கிறது அமெரிக்கன் கென்னல் கிளப்.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல், நாய் அமைப்பு ஒன்றுக்கு இரண்டாகும்போது தொடங்குகிறது.

எஃப்.சி.ஐ.யின் நடுவர், அந்தக் கூட்டமைப்பு அங்கீகரிக்காத போட்டி அமைப்பின் கண்காட்சிக்குப் போய்த் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பெரிய கிளப்புகள் அதன் உறுப்பினர்கள் அல்ல. ஆனால் அவற்றோடு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே போகலாம். உள்ளூரில் எதிர்க்கடை விரித்தவர்களிடம்தான் போகக் கூடாது. இந்தியாவில் எஃப்.சி.ஐ.யின் உறுப்பு அமைப்பு, சென்னையிலிருந்து இயங்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. இந்தியன் நேஷனல் கென்னல் கிளப் என்ற வேறோர் அமைப்பும் நாய்களைப் பதிவு செய்து சான்றிதழ் தருகிறது. குட்டி வாங்கும் கொல்கத்தாக்காரருக்கு இரண்டும் காகிதம்தான். ஒன்றில் வாங்கிய பட்டம் மற்றொன்றில் செல்லுமா என்ற கேள்வி அவருக்கு உறைப்பது, தன் நாயோடு வளையத்தின் வாசலுக்கு வந்த பிறகுதான்.

எதிர் அமைப்புக்குப் போகாதே என்ற விதியையும் இரட்டை ஆதாயம் என்ற பெயரிலேயே நியாயப்படுத்துவது வழக்கம். உண்மையில் இரண்டும் வேறு வேறு. தன் குட்டியை விற்றவனுக்குப் பரிசு தராதே என்பது, போட்டியிடுபவரைக் காப்பாற்றும் விதி. எதிர்க் கிளப்புக்குப் போகாதே என்பது, கிளப்பைக் காப்பாற்றும் விதி. முன்னதன் கௌரவத்தைப் பின்னது இரவல் வாங்கிக்கொள்கிறது.

இரவல் வாங்கிய கதை நம் நாட்டில் நிறைய உண்டு. 2007ல் இந்தியன் கிரிக்கெட் லீக் தொடங்கியபோது அதில் கொல்கத்தா அணியும் இருந்தது, சென்னை அணியும் இருந்தது. சேர்ந்த ஆட்டக்காரர்களுக்குக் கிரிக்கெட் வாரியம் கதவைச் சாத்தியது. அதில் பொறுப்பேற்ற கபில் தேவ் தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைவர் பதவியை இழந்தார். மறு ஆண்டே வாரியம் சொந்தமாக ஐ.பி.எல்.லைத் தொடங்கியது. 2009ல் திரும்பி வந்தவர்களுக்கு மன்னிப்பும் கிடைத்தது. அவர்கள் செய்த குற்றம் கிரிக்கெட் ஆடியது.

செஸ்ஸிலும் இதுவே நடந்தது. அப்போது சென்னையிலிருந்து இயங்கிய அகில இந்தியச் செஸ் சம்மேளனம், தன் அனுமதி இல்லாத போட்டியில் கலந்துகொண்ட ஆட்டக்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வழியாக இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. ஆட்டக்காரர்களைக் கட்டிப்போடும் இந்த விதி, சம்மேளனம் தன் ஏகபோக பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2018 ஜூலையில் ஆணையம் சொன்னது. அதே ஆணையம் 2013ல், தன்ராஜ் பிள்ளையும் மற்றவர்களும் ஹாக்கி இந்தியா மீது கொடுத்த இதே போன்ற புகாரில் சட்ட மீறல் இல்லை என்றது. ஆனாலும் விதி வகுக்கும் வேலையும் போட்டி நடத்தும் வேலையும் ஒன்றோடு ஒன்று கலக்காமலிருக்க உள்ளுக்குள் ஒரு ஏற்பாடு தேவை என்று அறிவுறுத்தியது. ஆக, இத்தகைய விதிகள் எல்லாமே தவறு என்பதல்ல. காரணம் கேட்கும்போது சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும்.

காரணம் சொல்ல முடிந்தவர்களும் உண்டு. அவர்கள் அமெரிக்காவில் ஜாக் ரஸல் டெரியர் வளர்ப்பவர்கள். நரியை வளைக்குள் துரத்திப் போவதற்காக ஜான் ரஸல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சின்ன நாய் அது. 1976ல் தொடங்கிய அமெரிக்க ஜாக் ரஸல் கிளப், அழகுக் கண்காட்சிக்காக வளர்த்தால் இது வேலை செய்யும் நாயாக இருக்காது என்று பிடிவாதமாக நம்பியது. குட்டிகளை ஈன்ற கையோடு மொத்தமாகப் பதிவதில்லை. ஒரு வயது நிரம்பி, கால்நடை மருத்துவரின் சான்று கிடைத்த பிறகு ஒவ்வொரு நாயாகப் பதியும். அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த இனத்தை அங்கீகரித்ததும், அங்கே நாயைப் பதிந்தவருக்கு இங்கே இடமில்லை என்று அறிவித்தது. வெளியேற்றப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். கிளப்பும் அதன் வட்டாரக் கிளைகளும் ஒரே நிறுவனம், ஒரே நிறுவனம் தனக்குத் தானே கூட்டுச் சதி செய்ய முடியாது என்று சொல்லி, 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் வாதத்தை நிராகரித்தது.

சட்டப்படி கிளப் தப்பித்தது. நியாயப்படி? அதற்கு ஆதரவாகப் பேச ஒரு விஷயம் இருக்கிறது. நாயின் உடல்நலம், நாயின் வேலை. விதியின் மறுமுனையில் ஒரு நாய் நிற்கிறது. மறுமுனையில் நுழைவுக் கட்டணம் மட்டுமே நிற்கும் விதிக்கு அந்தத் தற்காப்பு கிடையாது. நடுவர் எதிர்க் கிளப்பின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தால், அது உண்மையான இரட்டை ஆதாயம். ஒரு பதவியை விடச் சொல்லலாம். அழைப்பின் பேரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் 40 நாய்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தால், அதில் யாருடைய ஆதாயம் முரண்படுகிறது?

கண்டிப்பு அதிகமானால் வேறொரு சங்கடமும் உண்டு. ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்ளலாம். 2005ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த இனம். ஆனால் அதன் முதுகு வளைவு எப்படி இருக்க வேண்டும், மூக்கு நிறம் என்ன, காது எங்கே மடங்க வேண்டும் என்று நுணுக்கமாகச் சொல்லக்கூடியவர் யார்? தலைமுறையாக அதை வளர்ப்பவர்தான். அவருக்குக் குட்டி விற்ற கணக்கும் இருக்கும், சம்பந்தி வீட்டு நாயும் இருக்கும். ஆதாயமே இல்லாத நடுவர்தான் வேண்டும் என்றால் ராஜபாளையம் நாயைப் பார்த்தே இராதவர்தான் கிடைப்பார். சிறிய இனத்தில் அறிவும் ஆதாயமும் ஒரே வீட்டில் குடியிருக்கும். அதோடு, இருக்கிற சில நடுவர்களையும் நீ அந்தக் கிளப், நீ இந்தக் கிளப் என்று பங்கு போட்டால், ஒரே முகம்தான் ஒவ்வொரு ஆண்டும் வளையத்தில் நிற்கும். எதிர்க் கிளப்புக்குப் போகத் தடை போடும் விதி, எந்தப் பாரபட்சத்தைத் தடுக்க வேண்டுமோ அதையே வளர்த்துவிடும்.

எனவே விலக்கி வைப்பதைவிட வெளியே சொல்ல வைப்பதே இங்கே சரியான மருந்து. ஈடன் கார்டன் விவகாரம் கற்றுத் தந்த பாகுபாடு நாய்க்கும் பொருந்தும். நடுவர் கடந்த சில ஆண்டுகளில் யாருக்குக் குட்டி விற்றார், யாரிடம் பெண் நாயை இணைக்கு விட்டார், எந்தக் கிளப்பில் என்ன பொறுப்பு வகிக்கிறார் என்பதை ஒரு பக்கத்தில் அச்சிட்டு வளையத்தின் வாசலில் ஒட்டலாம். அந்த நாய் வரும்போது அவர் நகர்ந்து கொள்ளட்டும், வேறொருவர் பார்க்கட்டும். எதிர் அமைப்பின் கண்காட்சிக்குப் போனவரைத் தண்டிக்க வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் தரட்டும். கிளப்பைச் சேராத ஒருவரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கட்டும். இதற்குச் செலவு ஒரு தாள் காகிதம்.

கொல்கத்தா மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே நிற்பவர், தன் நாய் தோற்றதைத் தாங்கிக்கொள்வார். அடுத்த குளிர்காலத்துக்கு இன்னும் நன்றாகச் சீவிக்கொண்டு வருவார். நடுவரும் ஜெயித்தவரும் ஒரே வண்டியில் ஏறிப் போவதைப் பார்த்தால் மட்டும் வரமாட்டார். எந்த அமைப்பின் பெயர் பேனரில் இருக்கிறது என்பது அப்போது அவருக்கு ஒரு பொருட்டல்ல. நாய்க்கோ, இரண்டு பேனரும் ஒன்றுதான்.