பிளேட்லெட் பையும் பழைய சோறும்

ஐப்பசி அடைமழை பிடிச்சா எங்க தஞ்சாவூர்ப் பக்கம் டெங்கு பேச்சும் வந்துடும். ஆஸ்பத்திரிக்கு வர்ற சொந்தக்காரங்க கேக்கறது ஒண்ணுதான்: "பிளேட்லெட் எவ்வளவு? ஏத்தியாச்சா?" ஏத்தலைன்னா டாக்டரோட சண்டை. இது தப்புங்க.

சிவப்பணுப் பையை 2-6 டிகிரி குளிர்ல வைப்பாங்க. பிளேட்லெட்டை வழக்கமா 20-24 டிகிரியில, ஆட்டிக்கிட்டே, அஞ்சு நாள்தான் வைப்பாங்க. ராத்திரி தண்ணி ஊத்தின சோறு காலையில ஏன் புளிக்குது? அந்தச் சூட்டுல பாக்டீரியா பெருகுது. ரத்தம் எடுக்கிறப்ப தோல்லேர்ந்து நாலு கிருமி பைக்குள்ள போனா அங்கயும் அதே கதைதான். சோத்துல இருக்கிறது நல்ல கிருமி, இது ரத்தத்துல நேரா கலக்கிறது!

நம்ம நாட்டுல ஒவ்வொரு பைக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனை கட்டாயம். பாக்டீரியாவுக்கு அப்படி இல்லை. இங்கிலாந்துல 2011லேர்ந்தே பிளேட்லெட்டுக்கு அதையும் பாக்கறாங்க. சோதனை கட்டாயமா இருந்தும் 2018ல சாத்தூர்ல ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி ரத்தம் ஏறினதை மறந்துடாதீங்க.

டெங்குல ரத்தக்கசிவு இல்லேன்னா எண்ணிக்கை 10,000க்குக் கீழ போனாத்தான் பிளேட்லெட் பத்தி யோசிக்கணும்னு மத்திய அரசு வழிகாட்டியே சொல்லுது. ஆளைச் சாய்க்கிறது பெரும்பாலும் ரத்தக்குழாய்லேர்ந்து நீர் கசியறதுதான். அதுக்கு மருந்து சரியான அளவு திரவம்.

புற்றுநோய்க்காரங்களுக்கு பிளேட்லெட் உயிர் காக்கும், மறுக்கலை. ஏத்தறப்ப குளிர் நடுக்கம், காய்ச்சல் வந்தா உடனே நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க. பையைத் தூக்கிப் போட விடாதீங்க, அதுல சோதனை பண்ணணும்.

அடுத்த தடவை "ஏத்தியாச்சா?"ன்னு கேக்காம "ஏத்தியே ஆகணுமா டாக்டர்?"னு கேளுங்க மக்களே.