கவனம் எவருடைய உடைமை?

இன்று எங்கு நோக்கினும் ஒரே முறைப்பாடு. மாணவர் பாடத்தில் மனம் ஊன்றுவதில்லை என்கின்றனர் ஆசிரியர். பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைப்பதில்லை என்கின்றனர் பெற்றோர். நாவலொன்றை முழுமையாக வாசித்து முடிக்கும் பொறுமை எவருக்கும் இல்லை என்கின்றனர் எழுத்தாளர். முறைப்பாடு உண்மையானதே. ஆனால் இதற்குக் கூறப்படும் பரிகாரத்தை நாம் ஏற்பதற்கில்லை. மனத்தை அடக்கு, அதிகாலையில் எழு, மூச்சைக் கவனி என்று உபதேசிக்க ஒரு கூட்டமே கிளம்பியுள்ளது. அவ்வுபதேசமும் மாதச் சந்தாவுக்கு விற்கப்படுகிறது; அதையும் அதே கைத்தொலைபேசியிலேதான் கேட்க வேண்டியிருக்கிறது! நோயும் மருந்தும் ஒரே கடையில் விற்கப்படும்போது, நோயாளியின் மனவுறுதியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

2015 ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் கனடாக் கிளை, விளம்பரதாரருக்கென ஓர் அறிக்கையை வெளியிட்டது. மனிதனின் கவனம் 8 விநாடியாகக் குறுகிவிட்டது, தங்கமீனுக்கோ 9 விநாடி என்றது அவ்வறிக்கை. உலகப் பத்திரிகைகள் யாவும் இதனைப் பரப்பின. பின்னர் ஆதாரத்தைத் தேடிச் சென்றோர் அதற்கு அடிப்படையான ஆராய்ச்சி எதனையும் காணவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்க்கும் மட்டக்களப்புக் கிராமத்தவரைத் தங்கமீனுக்குக் கீழே வைக்க எவர் துணிவர்? எனினும் இப்பொய் பரவியதற்குக் காரணம் உண்டு. குற்றத்தை மனித மூளையின் மீது சுமத்திவிட்டால், குற்றவாளியைத் தேட வேண்டியதில்லையல்லவா?

கவனம் சிதறுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் குளோரியா மார்க், அலுவலகங்களிற் பணிபுரிவோரை நீண்டகாலமாக அவதானித்து வந்தவர். 2004 ஆம் ஆண்டளவில் அவர்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்திருந்தனர். பிந்திய அளவீடுகளில் அது 47 விநாடியாக வீழ்ந்துள்ளது. இருபது ஆண்டுகளில் மனித மூளை மாறிவிடுவதில்லை. மாறியது அம்மூளையின் முன்னே வைக்கப்பட்ட பொறி.

அப்பொறியின் பொருளாதாரத்தைச் சற்று நோக்குவோம். 1833 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் பெஞ்சமின் டே என்பவர் ‘சன்’ என்னும் பத்திரிகையை ஒரு சதத்துக்கு விற்கத் தொடங்கினார். ஏனைய பத்திரிகைகளின் விலை ஆறு சதமாக இருந்த காலம் அது. அவர் வாசகருக்குப் பத்திரிகையை விற்றார். விளம்பரதாரருக்கு வாசகரை விற்றார். அன்று தொடங்கிய வாணிகம் இன்று பூதாகாரமாய் வளர்ந்து நிற்கிறது. முகநூலை நடத்தும் மெற்றா நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் ஈட்டிய வருமானம் ஏறக்குறைய 16,450 கோடி டொலர். அதில் ஏறக்குறைய 16,060 கோடி விளம்பரத்தால் வந்தது. ‘இலவசம்’ என்று நாம் நம்பும் பண்டத்துக்கு நமது நேரத்தையே விலையாகச் செலுத்துகிறோம். தகவல் பெருகும்போது கவனம் அருகிப்போகும் என்று பொருளியலறிஞர் ஹேர்பேர்ட் சைமன் 1971 ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். அருகிய பண்டத்துக்குச் சந்தையில் விலை ஏறும் என்பதை முதலாளிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அப்பண்டத்தைக் கறந்தெடுக்கும் முறையும் அறிவியல் முறையே. எப்போது தீனி விழும் என்று தெரியாத நிலையிலேதான் புறா ஓயாமற் கொத்துகிறது என்பதை உளவியலறிஞர் ஸ்கின்னரும் பேர்ஸ்ரரும் 1957 இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினர். சூதாட்ட இயந்திரம் இயங்குவது இவ்விதியின்படியே. விரலால் திரையை இழுத்துப் புதிய செய்தி வந்ததா என்று பார்ப்பவனும் அதே விதிக்குள் அகப்பட்டவனே. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ஆனால் 2006 ஆம் ஆண்டில் ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவற்று உருளும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். முகநூலின் முதலாவது தலைவராயிருந்த ஷோன் பாக்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் இயன்றளவு உறிஞ்சுவது எவ்வாறு என்பதே தங்கள் கேள்வியாக இருந்ததென்று 2017 இல் ஒப்புக்கொண்டார். உறக்கமே தமது போட்டியாளர் என்று நெற்பிளிக்ஸ் தலைவர் கூறியதும் அதே ஆண்டில்தான். இவ்வளவு பொருளையும் புலமையையும் தன் முன் அணிதிரட்டி வைத்திருக்கும் ஒரு தொழிற்றுறையை, பதினைந்து வயதுப் பிள்ளை தன் மனவுறுதியால் வெல்ல வேண்டுமாம்!

நிற்க. இஃது ஒரு சிறு மத்தியதர வர்க்கக் கவலை, பாட்டாளிக்கு இதனால் என்ன என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்களுக்கு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 இல் சிக்காகோத் தொழிலாளர் இரத்தஞ் சிந்தினர். 1919 இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம் அக்கோரிக்கையை ஏற்றது. வேலைக்கு எட்டு, உறக்கத்துக்கு எட்டு, எஞ்சிய எட்டும் தொழிலாளிக்கே உரியவை என்பதன்றோ அப்போராட்டத்தின் சாரம்? அவ்வாறு வென்றெடுத்த மணிகளைத்தான் இன்று கூலியும் கொடாமல் பறித்துக்கொள்கின்றனர்.

ஒருமித்த கவனம் உழைப்பாளியின் கையில் எத்தகைய ஆயுதம் என்பதற்குக் கியூபாவின் சுருட்டுத் தொழிலாளரே சான்று. 1865 ஆம் ஆண்டு முதல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில், கைகள் புகையிலையைச் சுருட்ட, ஒருவர் மேடையிலிருந்து பத்திரிகையையும் நாவலையும் உரக்க வாசித்தார். அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம்முட் சேர்த்துக் கொடுத்தனர். எழுத்தறியாதவரும் இலக்கியமும் அரசியலும் கற்றனர். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி அவ்வாசிப்பைத் தடைசெய்தது. கியூபத் தொழிலாளர் குடியேறிய அமெரிக்காவின் ரம்பா நகரில், 1931 இல் முதலாளிமார் வாசிப்பாளரை அகற்றினர்; அவ்விடத்தில் வானொலிப் பெட்டி ஒலித்தது. தொழிலாளி எதைக் கேட்பது என்பதைத் தொழிலாளியே தீர்மானித்த காலம் அங்கு முடிவுற்றது. இன்று அப்பெட்டி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

நமது நாட்டின் நிலை என்ன? ஒருவர் பத்திரிகை வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட வாசிகசாலைகள் நம் கிராமங்களில் இருந்தன. 2020 இல் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் வழியே அனுப்பப்பட்டன. கடன்பட்டும் கைத்தொலைபேசி வாங்கிய பெற்றோரின் குற்றம் அதில் ஏதுமில்லை. ஆனால் பாடத்தோடு அந்தச் சூதாட்ட இயந்திரமும் குடிசைக்குள் நுழைந்தது. அரசு செய்தது யாது? 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை இயற்றிற்று. அது குடிமகன் எதை எழுதுகிறான் என்று பார்க்கிறது. அவன் கண்ணைக் கட்டிப்போடும் பொறியைத் தொடவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, திரை பார்ப்பதற்குப் பரிசுப் புள்ளி வழங்கிய ரிக்ரொக்கின் திட்டத்தைத் தன் நாடுகளிலிருந்து 2024 இல் விலகச் செய்தது. கூடும் என்பதற்கு இஃது அத்தாட்சி.

முற்போக்காளர் என்போருக்கும் ஒரு வார்த்தை. முகநூலில் நாள்தோறும் ஒருவரையொருவர் வசைபாடுவதைப் போராட்டம் என்று கருதுவோர் பெருகிவிட்டனர். அவ்வசையின் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு விளம்பரம் விற்பனையாகிறது. முதலாளித்துவத்தைத் தாக்கும் கட்டுரையும் அம்முதலாளிக்கு இலாபம் ஈட்டும் சரக்கேயாகிறது. தடித்த நூலொன்றைக் கூடியிருந்து வாசித்து விவாதிக்கும் பழக்கம் அற்ற இயக்கம், எதிரியின் கணக்கேட்டை எவ்வாறு வாசிக்கப் போகிறது?

தனிமனித முயற்சி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வாசிக்கும்போது கைத்தொலைபேசியை வேறோர் அறையில் வையுங்கள். அறிவிப்பு மணிகளை அடக்குங்கள். ஆனால் அது குடை பிடிப்பது போன்றது. ஒழுகும் கூரையை வேய்வதற்குப் பல கைகள் வேண்டும். முடிவற்று உருளும் பக்கமும் தானே தொடரும் காணொளியும் சிறுவருக்குக் காட்டப்படலாகாது என்று சட்டம் கேட்போம். வேலை முடிந்தபின் மேலதிகாரியின் செய்திக்குப் பதிலளிக்காதிருக்கும் உரிமையைத் தொழிற்சங்கங்கள் கோரட்டும். பிரான்சில் 2017 முதல் அது சட்டமாயுள்ளது. நூலகங்களுக்கு நிதியும், மாலை முழுதும் திறந்திருக்கும் நேரமும் கேட்போம். வாரம் ஒரு நாளேனும் சனசமூக நிலையத்தில் பத்துப் பேர் கூடி, ஒரு நூலை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உரக்க வாசிப்போம்.

நிலத்தைப் பறித்தபோதும் கூலியைக் குறைத்தபோதும் மக்கள் கண்டனர், எதிர்த்தனர். கவனத்தைப் பறிப்பவனோ, அக்களவைக் கண்டுகொள்ளும் ஆற்றலையும் சேர்த்தே பறிக்கிறான். ஆதலின் இதனை நாளைக்கென ஒத்திவைக்க இயலாது.